அரசுகள் எழுதிய சீட்டுக்கு அமீனா யார்?

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, அரசியல் அறிவியல்)

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள சிற்றூர் எங்களுடையது. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அதை நம்பி எங்கள் வீட்டிலும் குறுவை விதைத்தோம். ஆவணி பிறந்தபோது வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பால் பிடிக்க வேண்டிய பயிர் பாளம் பாளமாக வெடித்த வயலில் கருகி நின்றது.

அன்று மாலை தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தது. நொடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள்களுக்குத் தமிழகத்திற்குத் தண்ணீர் விட வேண்டும் என்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பிறப்பித்த ஆணையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது என்றார்கள். செய்தியைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். திண்ணையில் இருந்த தாத்தா மகிழவில்லை. என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, நீ அரசியல் படிக்கிற பொண்ணு. எனக்கு ஒண்ணு சொல்லு. புரோநோட்டு எழுதிக் குடுத்துட்டு ஒருத்தன் பணம் தரலேன்னா, முன்சீப் கோர்ட்டுல டிக்ரி வாங்கிக்கிட்டு அமீனாவோட வந்து ஜப்தி பண்ணிடலாம். கவர்மெண்டும் கவர்மெண்டும் எழுதிக்கிட்ட சீட்டுக்கு எந்த அமீனா வருவான்?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. மூன்றாண்டுகள் அரசியல் சட்டம் படித்தும் ஓர் உழவரின் கேள்விக்கு விடை இல்லையே என்ற வெட்கம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. கல்லூரிக்குத் திரும்பிய பின் நூலகத்திலும் வகுப்பறையிலும் அக்கேள்வியையே சுமந்து திரிந்தேன். அதற்கு நான் கண்ட விடையை மாணவ நண்பர்களின் முன்னும் ஆசிரியப் பெருமக்களின் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு எளிய விடைகள்

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது இரண்டு கட்சிகள் உண்டாயின. "அரசுகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் வெறும் தாள். வலியவன் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை" என்றது ஒரு கட்சி. "சட்டத்தின் முன் அனைவரும் சமம். தனிமனிதனுக்கு ஒரு நீதி, அரசுக்கு ஒரு நீதியா? வழக்குப் போட்டால் தீர்ந்தது" என்றது மறு கட்சி. இரண்டும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நடந்தவற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது விளங்கும்.

முதலில் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே எழுதப்படும் உடன்படிக்கைகளைப் பார்ப்போம். நாடுகளுக்கு மேலே ஒரு முன்சீப் கோர்ட்டு இல்லை. ஹேக் நகரில் அனைத்துலக நீதிமன்றம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே ஒரு நாட்டை அதன் இசைவு இல்லாமல் கூண்டில் ஏற்ற முடியாது. எந்தெந்த வழக்குக்கு வருவேன், எந்தெந்த வழக்குக்கு வரமாட்டேன் என்று ஒவ்வொரு நாடும் முன்னதாகவே எழுதிக் கொடுக்கலாம். இந்தியா 1974இல் அவ்வாறு எழுதிக் கொடுத்தபோது, காமன்வெல்த் நாடுகளோடு ஏற்படும் வழக்குகளுக்கு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கவில்லை. 1999இல் தன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது குறித்துப் பாகிஸ்தான் இந்தியா மீது அங்கே வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டில் அந்த நீதிமன்றம் இக்காரணத்தைக் காட்டியே தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இலங்கையும் காமன்வெல்த் நாடுதான். ஆகவே கச்சத்தீவு பற்றிய 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றியோ, மீன்பிடிப்பு பற்றிய 1976ஆம் ஆண்டு உடன்பாட்டைப் பற்றியோ இரு நாடுகளுக்குள் வழக்கு எழுந்தால், இருவரும் மனமொப்பி ஒரு மன்றத்தைத் தேடிக்கொண்டால் அன்றி, கட்டாயமாக இழுத்துச் செல்லும் வாயில் எதுவும் இல்லை. இராமேசுவரத்து மீனவரின் துயரம் மேடைதோறும் பேசப்பட்டாலும் வழக்கு மன்றத்தில் தீர்ந்துபோகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாயில் திறந்து தீர்ப்பும் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? 1986இல் நிகரகுவா என்னும் சிறு நாடு அமெரிக்கா மீது அதே நீதிமன்றத்தில் வழக்காடி வென்றது. தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையிடம் போனது. அவையில் அமெரிக்கா தன் தடைவாக்கைப் பயன்படுத்தித் தீர்மானத்தை வீழ்த்தியது. டிக்ரி கையில் இருந்தது, அமீனா வரவில்லை. தாத்தாவின் கேள்வி ஹேக் நகரம் வரை செல்லும் என்று நான் அதற்கு முன் எண்ணியதில்லை.

நாட்டுக்குள் திறந்த வாயிலும் மூடிய கதவுகளும்

ஒரே நாட்டுக்குள் இருக்கும் மாநிலங்களின் நிலை வேறு. இங்கே இருவருக்கும் மேலே ஓர் அரசியல் சட்டம் இருக்கிறது. அதன் 131ஆம் பிரிவு, மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும், மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே சட்ட உரிமை பற்றி எழும் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. இவ்வளவோடு நின்றிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வரும் முன் எழுதப்பட்டு இன்றும் தொடரும் உடன்படிக்கை, ஒப்பந்தம், சனது முதலியவற்றிலிருந்து எழும் வழக்குகளுக்கு இந்த அதிகாரம் செல்லாது என்பதே அவ்விலக்கு. சமஸ்தான மன்னர்களோடு செய்துகொண்ட பழைய உடன்படிக்கைகளை எந்த நீதிமன்றமும் தொடக்கூடாது என்கிறது 363ஆம் பிரிவு. இவை போதாவென்று, மாநிலங்களுக்கிடையிலான ஆற்று நீர்த் தகராறுகளிலிருந்து உச்ச நீதிமன்றத்தையும் விலக்கி வைக்கப் பாராளுமன்றத்துக்கு இடம் தருகிறது 262ஆம் பிரிவு. அதன்படி 1956இல் ஒரு சட்டமும் வந்தது. நடுவர் மன்றத்துக்கு அனுப்பத்தக்க தகராறை நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்றது அச்சட்டம்.

இந்தக் கதவுகளை ஏன் மூடினார்கள்? நம் முன்னோர் காரணமின்றிச் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான சமஸ்தானங்களை இணைத்த காலம் அது. ஒவ்வொரு மன்னரோடும் பல உறுதிமொழிகள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் வழக்காக வந்தால் நாடு வழக்கு மன்றத்திலேயே கரைந்துபோகும் என்று அஞ்சினார்கள். மன்னர் மானியத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மன்னர்களுக்கு அளித்த ஏற்பை 1970இல் குடியரசுத் தலைவரின் ஆணை பறித்தபோது அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்று வென்றார்கள். மறு ஆண்டே, 1971இல், 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மானியத்தை அடியோடு ஒழித்தது. மன்னர் மானியம் ஒழிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அரசியல் உடன்படிக்கை என்பது அரசியல் மாறும்போது மாறிவிடும் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

அப்படியானால் 1886இல் எழுதிய முல்லைப் பெரியாறு ஒப்பந்தமும், 1892இலும் 1924இலும் எழுதிய காவிரி ஒப்பந்தங்களும் அரசியல் உடன்படிக்கைகள்தாமா? ஆம் என்றால் அவை நீதிமன்றத்தின் வாயிலிலேயே செத்துப்போகும். எல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியாற்றின் பாடம்

முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராசாவுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே எழுதப்பட்டது. சுமார் 8,000 ஏக்கர் நிலம் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து ரூபாய் வாடகையில் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை. கணக்குப் பார்த்தால் 2884ஆம் ஆண்டின் இறுதி வரை! மேற்கே ஓடி வீணாகும் நீரைக் கிழக்கே திருப்பி மதுரைச் சீமையை வாழ்விக்கப் பென்னிகுக் கட்டிய அணை 1895இல் நிறைவெய்தியது.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. இந்த நீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முற்பட்டபோது திருவிதாங்கூர் மறுத்தது. குத்தகைப் பத்திரத்திலேயே தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அவ்வாறே போனார்கள். நடுவராக இருந்த சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941இல் சென்னைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தண்ணீர் பாசனத்துக்கே, மின்சாரத்துக்கு அன்று என்றார். நாம் தோற்றோம். தோற்றபின் மதகை உடைக்கவில்லை, கடையடைப்பு நடத்தவில்லை. பின்னர் கேரளத்தோடு பேசி, 1970இல் துணை ஒப்பந்தம் எழுதி, வாடகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்திக் கொடுத்து, மீன்பிடி உரிமையையும் விட்டுக் கொடுத்து, மின்சாரம் எடுக்கும் உரிமையை முறைப்படி பெற்றோம். ஒப்பந்தத்தை மதிப்பது என்றால் நமக்குப் பாதகமான வரியையும் மதிப்பதுதான்.

1979இல் அணையின் பாதுகாப்புக் குறித்து அச்சம் எழுந்தது. பலப்படுத்தும் வேலைக்காக நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வேலைகள் நடந்தபின் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27இல் தீர்ப்பளித்தது. சில நாள்களுக்குள் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்து 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்றது. தமிழகம் 131ஆம் பிரிவின்கீழ் மீண்டும் வழக்குத் தொடுத்தது. அப்போதுதான் நான் மேலே சொன்ன கேள்வி நேருக்கு நேர் வந்து நின்றது. 1886ஆம் ஆண்டுப் பத்திரம் மன்னரோடு செய்த பழைய உடன்படிக்கை. ஆகவே நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று கேரளம் வாதிட்டது.

2014 மே 7ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு விடை சொன்னது. எழுதியவர்கள் ஆட்சியாளர்கள் என்பதால் மட்டும் ஓர் ஒப்பந்தம் அரசியல் ஒப்பந்தம் ஆகிவிடாது. இது நிலத்தைக் குத்தகைக்கு விட்ட சாதாரணப் பத்திரம். ஆகவே விலக்கு இதற்குப் பொருந்தாது. மாநிலச் சீரமைப்புக்குப் பின்னும் குத்தகை உரிமை தமிழகத்துக்குத் தொடர்கிறது. நீதிமன்றம் இறுதியாகத் தீர்த்த ஒன்றைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தால் அழித்துவிடவும் முடியாது. இவ்வாறு கூறிய நீதிமன்றம் தீர்ப்போடு நிற்காமல் ஒரு கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. மத்திய நீர்வள ஆணையத்தின் சார்பில் ஒருவர் தலைவர். இரு மாநிலங்களுக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர். அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

தாத்தாவிடம் நான் சொல்லக்கூடிய முதல் செய்தி இதுதான். கவர்மெண்டும் கவர்மெண்டும் எழுதிக்கொண்ட சீட்டு நீதிமன்றத்தில் செல்லும். 128 ஆண்டுகளுக்கு முந்தைய சீட்டும் செல்லும்.

காவிரியின் பாடம்

காவிரியின் கதை இவ்வளவு நேராக ஓடவில்லை. 1892 ஒப்பந்தப்படி, மைசூர் அரசு குறித்த எல்லைக்குள் புதிய பாசன வேலைகளைச் செய்ய வேண்டுமானால் முதலில் சென்னை அரசைக் கேட்க வேண்டும். கண்ணம்பாடி அணையைக் கட்ட மைசூர் முனைந்தபோது தகராறு வந்தது. நீதிபதி கிரிஃபின் மத்தியஸ்தராக இருந்து 1914இல் தீர்ப்பளித்தார். சென்னைக்கு அத்தீர்ப்பு பிடிக்கவில்லை; இலண்டனில் இருந்த இந்திய மந்திரி வரை முறையிட்டது. அவர் 1919இல் வழக்கை மீண்டும் திறக்கச் சொன்னார். பிடிக்காத தீர்ப்பைத் தள்ளிவிட வழி தேடும் பழக்கம் ஒரு கரைக்கு மட்டும் உரியதல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னர் பேசிப் பேசி 1924 பிப்ரவரி 18இல் புதிய ஒப்பந்தம் எழுந்தது. அதன் பயனாகக் கண்ணம்பாடியில் 44.8 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணையும், மேட்டூரில் 93.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணையும் எழுந்தன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சில விதிகளை மறுபரிசீலனை செய்யலாம் என்றும், தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போகலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. மறுபரிசீலனை முடியும் வரை தண்ணீரை யார் அளப்பது, மதகை யார் திறப்பது, இருவருக்கும் பொதுவான அதிகாரி யார் என்பவற்றுக்கு ஏற்பாடு இல்லை. 1974 வந்தது. ஒருவர், "ஒப்பந்தம் முடிந்தது" என்றார். மற்றவர், "மறுபரிசீலனைதான்; முடியவில்லை" என்றார். இதற்கிடையில் மேலே அணைகள் எழும்பின. கீழே வாய்க்கால்கள் காய்ந்தன.

இனி ஆண்டுகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். நண்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். 1971இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையில் 1972இல் திரும்பப் பெற்றது. பேச்சு தீரவில்லை. 1983இல் தஞ்சை விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் சென்றது. 1990 மே மாதம் நீதிமன்றம் ஆணையிட, ஜூன் 2ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் அது 205 டி.எம்.சி. தருமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதைச் செல்லாததாக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டது. அச்சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் கூறியது. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5இல் வந்தது. அது அரசிதழில் ஏற 2013 ஆயிற்று. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பிலும் பழைய ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வி எழுந்தது. மைசூர் அடிமைச் சமஸ்தானமாக இருந்தபோது மிரட்டி எழுதி வாங்கியவை என்று கர்நாடகம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவை அரசியல் உடன்படிக்கைகள் அல்ல என்றும், அரசியல் சட்டம் வந்த பின்னும் தொடர்ந்தன என்றும் கூறியது. அதே மூச்சில், 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுகள் முடிந்து 1974இல் காலாவதி ஆகிவிட்டது என்றும் கூறியது. பிலிகுண்டுலுவில் நமக்குக் கிடைக்க வேண்டிய நீர் நடுவர் மன்றம் சொன்ன 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. டெல்டாவில் இருக்கும் நிலத்தடி நீரும், பெங்களூரின் குடிநீர்த் தேவையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

1971இலிருந்து 2018 வரை 47 ஆண்டுகள். முதல் வழக்கின்போது இளைஞராய் ஏர் பிடித்த என் தாத்தா, இறுதித் தீர்ப்பின்போது கோல் ஊன்றி நடந்தார். அந்த 47 ஆண்டுகளில் எத்தனை குறுவை கருகின என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின்னும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. காலக்கெடு கடந்தது. தமிழகம் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு மீண்டும் படியேறியது. பிறகுதான் 2018 ஜூன் 1ஆம் நாள் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் அரசிதழில் ஏறின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், 1924இலேயே, எழுதப்பட்டிருக்க வேண்டிய வரி அன்றுதான் எழுதப்பட்டது.

மறுப்புரைகள்

என் கருத்தைச் சொல்லும் முன் இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

"வெள்ளையன் எழுதிய ஒப்பந்தத்துக்கு இன்றைய மக்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாண்டியாவில் கரும்பு பயிரிடும் விவசாயிக்கும் வயிறு உண்டு. அவரும் மழையை நம்பி வாழ்பவரே. ஒரு தலைமுறை எழுதியது மறு தலைமுறையை எக்காலத்துக்கும் கட்டிப்போடக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தை மாற்றுவது வேறு, மீறுவது வேறு. 1970இல் பெரியாற்று ஒப்பந்தத்தை இரு மாநிலங்களும் கூடிப் பேசித் திருத்தின. அது மாற்றுவது. ஒருவர் மட்டும் தனக்குப் பிடிக்காத நாளில் மதகை அடைத்துக்கொள்வது மீறுவது. 1974க்குப் பின் நடந்தது எது என்பதை நண்பர்களின் முடிவுக்கே விடுகிறேன்.

"இவையெல்லாம் அரசியல் விவகாரங்கள். தலைவர்கள் கூடிப் பேசித் தீர்க்க வேண்டியவை. நீதிமன்றத்துக்கு இங்கே என்ன வேலை?" என்பது இரண்டாவது மறுப்பு. பேசித் தீர்ப்பது நல்லதுதான். ஆனால் நீதிமன்றத்தின் வாயில் பின்னால் திறந்திருந்தால்தான் முன்னால் நடக்கும் பேச்சுக்குப் பொருள் உண்டு. பேசாவிட்டால் எதுவும் ஆகாது என்று தெரிந்தவர், மேல்மடையில் இருப்பவராயின், ஏன் பேச வேண்டும்? தண்ணீர் அவர் வீட்டு வாசலில் முதலில் ஓடுகிறது. கடைமடையில் இருப்பவனுக்கு நீதிமன்றம்தான் மேட்டு நிலம்.

அமீனாவை எழுதிவையுங்கள்

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியுமா? ஒரே அரசியல் சட்டத்தின்கீழ் வாழும் அரசுகளாக இருந்தால் முடியும். பெரியாறும் காவிரியும் அதற்குச் சான்று. ஆனால் நீதிமன்றம் உரிமையைத்தான் நிலைநாட்டுகிறது, பருவத்தை நிலைநாட்டுவதில்லை. ஜூனில் வர வேண்டிய தண்ணீர் அடுத்த பிப்ரவரித் தீர்ப்பில் வந்தால் அதனால் நாற்றுக்கு ஒரு பயனும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி எங்கள் ஊர்க் குறுவைக்காகவே சொல்லப்பட்டதோ என்று தோன்றும்.

ஆகவே அரசுகள் ஒப்பந்தம் எழுதும்போதே அமீனாவையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமீனா என்று நான் சொல்வது, இருவருக்கும் பொதுவாக நின்று தண்ணீரை அளந்து, தவணை தவறினால் மறுநாளே ஆணையிடும் ஓர் அமைப்பை. அதற்கு மூன்று செய்திகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

நல்ல மழைக்காலத்துப் பங்கை மட்டும் எழுதினால் போதாது. பஞ்ச காலத்துப் பங்கையும் எண்ணால் எழுத வேண்டும். மழை பொய்த்தால் அவரவர் பங்கு விகிதப்படி குறையும் என்று நடுவர் மன்றம் சொன்னது. எந்த அணையில் எவ்வளவு இருந்தால் எவ்வளவு குறையும் என்ற வாய்பாடு ஒப்புக்கொள்ளப்படாமையால்தான் 2023இல் ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் ஒரு கூட்டமும் ஒரு கலகமுமாகக் காலம் கழிந்தது.

அடுத்து, ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் புதியது பிறக்கும் நாளுக்கும் நடுவே எது நடைமுறை என்று எழுத வேண்டும். 1974இல் நாம் விழுந்த பள்ளம் அதுவே. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பங்கீடு பதினைந்து ஆண்டுகளுக்கு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தக் கெடு முடியும்போது இன்று இக்கல்லூரியில் படிக்கும் நாம் நாற்பதைக் கூட எட்டியிருக்க மாட்டோம். அதற்குப்பின் என்ன என்பதை இப்போதே பேசத் தொடங்க வேண்டாமா?

மூன்றாவதாக, அளவை பொதுவாக இருக்க வேண்டும். புரோநோட்டில் தொகையைப் பற்றி இருவருக்கும் ஐயம் இல்லை. அதனால்தான் முன்சீப் தீர்ப்புச் சொல்வது எளிதாகிறது. அணைகளில் எவ்வளவு வந்தது, எவ்வளவு விட்டது என்பதை ஒருவர் எழுதி மற்றவர் நம்ப மறுக்கும் வரை எந்த நீதிபதியும் விரைந்து தீர்ப்பளிக்க முடியாது. இருவரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் பாதித் தகராறு கரையிலேயே கரைந்துவிடும்.

இவற்றை யார் எழுதப் போகிறார்கள்? நம் கல்லூரியிலிருந்து பலர் நாளை வருவாய்த் துறைக்கும், பொதுப்பணித் துறைக்கும், வழக்கறிஞர் தொழிலுக்கும் செல்வார்கள். சிலர் அரசியலுக்கும் செல்லக்கூடும். 1924இல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல் கல்லூரியில் படித்தவர்கள்தாம். அவர்கள் விட்ட ஒரு வரியை நிரப்ப 94 ஆண்டுகள் ஆயின. நாம் கையெழுத்திடும் நாளில் கடைமடையில் இருப்பவன் முகம் நம் கண்முன் இருக்குமானால் அந்த வரியை மறக்க மாட்டோம்.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது தாத்தாவிடம் நான் கண்டதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 128 ஆண்டுப் பழைய சீட்டு செல்லும் என்று நீதிமன்றம் சொன்னதைக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. ஆணையம் அமைந்த கதையையும் சொன்னேன்.

"சரிம்மா, அமீனா இருக்கான்கிறே. அவன் தண்ணி வர்ற மாசத்துல வர்றானா, அறுப்பு முடிஞ்சு வர்றானா?"

இந்தக் கேள்விக்கான விடை இன்னும் என் பாடப் புத்தகத்தில் இல்லை. அவ்விடையை எழுத வேண்டிய பொறுப்பு நம் தலைமுறையுடையது.